போலி அணில்

– கையை ஓங்காதீங்க! குழந்தைங்க அது!

– குழந்தையா? கடைக்குன்னு எடுத்து வெச்சிருந்த இரும்புப் பூட்டைத் தூக்கி டி.வி. மேல எறிஞ்சிருக்கு. எதிர்ல ஆள் நின்னிருந்தா மண்டை பொளந்திருக்கும்.

– தெரியாம செஞ்சிடுச்சு.

– தெரியாமயா? பக்கத்து வீட்டக்கா பார்த்துட்டே இருந்திருக்காங்க. குறி பார்த்து, ரெண்டு கையாலயும் ஓங்கி எறிஞ்சுதாம். எல்லாம் அந்தப் பெட்டி சொல்லிக் குடுத்த பாடம். நான் பூட்டு விக்கப் போயிடறேன், நீ ஸ்டுடியோவுக்குப் போயிடற. பெத்தது நாம, வளர்க்கறது டி.வி.!

– என் மீது கோபம் கொள்ளாதீர்கள், அப்பா!

– கேட்டியா? அஞ்சு வயசு வாண்டு பேசற பேச்சா இது? கொள்ளாதீர்களாம்!

– கார்ட்டூன் அணில் அப்படித்தானே பேசும்? அதுக்குக் குரல் குடுக்கறதே நான்தான். அம்மாவைப் பார்த்துப் பொண்ணு பேசுது. அது ஒரு குத்தமா?

– பேசட்டும். உடைக்கச் சொன்னது யாரு? அதையும் அணில்தான் சொல்லுச்சா?

– ஏங்க, விடுங்க. உடைஞ்சது உடைஞ்சுபோச்சு. வேற வாங்கிக்கலாம்.

– என்னது?

– புதுசா வாங்கிக்கலாம்னேன்.

– தொடப்பத்துக்கே அரை மணி நேரம் பேரம் பேசறவ நீ. டி.வி.யை ஒரே வார்த்தையில முடிக்கிற. எங்கிட்டயே வியாபாரமா? தள்ளி உட்காரு. குட்டிம்மா, அப்பா அடிக்க மாட்டேன். எதுக்கும்மா எறிஞ்ச?

– அது போலி அணில், அப்பா!

– எது?

– குட்டிம்மா, வா, முகம் கழுவிக்கலாம்.

– நீ சும்மா இரு. சொல்லுடா செல்லம், எது போலி?

– டி.வி.யில் வரும் அணில். அம்மா குரல் இல்லை. வேறு யாரோ பேசுகிறார்கள். நான் அம்மா, அம்மா என்று கத்தினேன். பதிலே வரவில்லை.

– பழைய கதையா இருக்கும்ங்க.

– பழசுலயும் நீதானே பேசின? முதல்லேர்ந்தே நீதானே? குட்டிம்மா, எப்பலேர்ந்துடா இப்படி?

– நாம் பொம்மைக் கடைக்குப் போனோமே, அதற்கு மறுநாளிலிருந்து. அம்மா தினமும் காலையில் டி.வி.க்குள்தானே போவார்கள்? யாரோ பிடித்து அடைத்துவிட்டார்கள். உடைத்து மீட்கலாம் என்றுதான்…

– அம்மாதான் சாயந்திரமானா வீட்டுக்கு வந்துடறாங்களேடா?

– வராங்க. ஆனா அணில் மாதிரி பேசச் சொன்னா மட்டும் பேசவே மாட்டேங்கறாங்க.

– குழந்தை ஏதோ உளறுது. என்னங்க அப்படிப் பார்க்கறீங்க?

– பொம்மைக் கடைக்குப் போனது போன மாசம். அதுக்கப்புறமும் தினம் காலையில சாப்பாட்டு டப்பாவும் கையுமா உன்னை பஸ் ஏத்திவிடறது நான்தான். நீ எங்கேம்மா போய் இறங்கற?