திருவிழாவுக்கு முன் புறப்படும் கப்பல்

பூம்ம்ம்!

கேட்டதா, டீச்சர்? நண்பகல் கப்பலின் சங்கு. இந்த மடலை அந்தச் சங்கொலியோடுதான் தொடங்குவது என்று முன்பே தீர்மானித்து, கப்பல் முனை திரும்பும்வரை பேச்சிலும் காபியிலும் உங்களைப் பிடித்து வைத்திருந்தோம். சத்தம் கேட்டதும் சன்னலைப் பார்த்திருப்பீர்கள். இருபத்தாறு ஆண்டுகளாக அப்படித்தான். பாதிச் சமன்பாட்டில் கை நிற்கும். கண் துறைமுகக் கொடிக்குப் போகும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் மீதிச் சமன்பாடு வரும்.

இந்தக் கப்பல் வடக்குத் தீவுகளைச் சுற்றிவிட்டு மாலையில் திரும்பும். அதில் நீங்கள் ஏறப்போகிறீர்களா என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்தோம், சிரித்தீர்கள். பள்ளி எடுத்துத் தந்த வாடகை அறையின் சாவியையும் தலைமையாசிரியரிடம் இன்னும் ஒப்படைக்கவில்லை. ஓய்வு பெறுகிறவருக்கு மடல் எழுதலாம்; போகிறாரா இருக்கிறாரா என்றே தெரியாதவருக்கு என்ன எழுதுவது? துணிந்து எழுதிவிட்டோம்.

காற்றை முந்திய கணக்காசிரியரே! கடலுக்கு அஞ்சியும் கடமைக்கு அஞ்சாதவரே! எங்கள் உயர்நிலைப் பள்ளியின் உறுதியே, உரமே, உரத்த குரலே! எவ்தோக்கியா டீச்சர் அவர்களே, வணக்கம்!

அலை என்றால் கோதுமை வயலில் காற்று ஓடுவது என்று நினைக்கும் தெஸ்ஸாலிச் சமவெளியில் பிறந்தவர் நீங்கள். கப்பலேறினால் கரை தெரியும்வரை எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தபடி கண்மூடி உட்கார்ந்திருப்பீர்கள். அப்படிப்பட்டவர் இந்தத் தீவுக்கு வந்த முதல் ஆண்டில்தான் அது நடந்தது.

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எங்கள் பிள்ளைகள் பெரிய தீவில்தான் எழுத வேண்டும். ஆனால் எங்கள் ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. குன்றுக்கோயில் திருவிழாவில் மந்திரித்த ரொட்டியைப் பங்கு வைக்காமல் யாரும் கடல் தாண்டமாட்டார்கள். அந்த ஆண்டு திருவிழாவுக்கு மறுநாள் தேர்வு. "ரொட்டியை வாங்கிட்டு சாயங்காலக் கப்பல்ல போனாப் போதும், எப்பவும் அப்படித்தானே" என்றது ஊர். புதிதாய் வந்த நீங்கள் ஊர்ப் பேச்சை நம்பினீர்கள். மதியம் காற்று எழுந்தது. துறைமுகத்தில் தடை போட்டார்கள். கப்பல் வரவில்லை. ஸராந்திஸ், கிரிஸான்தி, மர்கெல்லா என்ற மூன்று பிள்ளைகள் கையில் பையும் ரொட்டியுமாக அலைத்தடுப்புச் சுவரில் நின்றார்கள். மறுநாள் அக்கரையில் தேர்வு மணி அடித்து ஓய்ந்தபோதும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். அவர்களோடு நீங்களும்.

அடுத்த ஆண்டு, திருவிழாவுக்கு முந்தைய கப்பலிலேயே பிள்ளைகளை அழைத்துப் போவேன் என்று கோயில் முற்றத்தில் நின்று சொன்னீர்கள். ஃபோத்திஸ் பாதிரியார் கொதித்துப்போனார்.

"புனிதரை விட உங்க கணக்குப் பெரிசா, டீச்சர்?"

"புனிதர் எந்த வருஷமும் இங்கதான் இருப்பார், ஃபாதர். இந்தப் பிள்ளைங்களுக்கு வயசு நிக்காது."

"ரொட்டி வாங்காம இந்த ஊர்ல எவனும் கப்பல் ஏறினதில்ல, தெரியுமில்ல?"

"அப்போ முன்னாடியே மந்திரிச்சுக் குடுங்க. கெட்டாப் போயிடும்?"

முற்றத்துப் பெண்கள் சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாதிரியார் மூன்று ஆண்டுகள் உங்களோடு பேசவில்லை. நான்காம் ஆண்டு விடியற்காலையில் கூடையோடு அவரே துறைமுகத்துக்கு வந்தார். "புனிதர்கிட்ட கேட்டுட்டேன். ஆட்சேபணை இல்லையாம்" என்று சொல்லிப் பிள்ளைகள் கையில் சூடான ரொட்டியை வைத்தார். இன்று எங்கள் ஊரில் 'மாணவர் ரொட்டி' ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நேற்று வந்தவர்கள் அது ஆதிகாலத்து வழக்கம் என்றே நம்புகிறார்கள். நீங்கள் முந்திக் கப்பலேற்றத் தொடங்கிய ஆண்டு முதல் எங்கள் பிள்ளை ஒருவர்கூடக் காற்றினால் தேர்வை இழந்ததில்லை.

எங்களைப் பற்றியும் உண்மையைச் சொல்லவேண்டும். நாங்கள் தீவுக்கு வந்தது மாற்றல் புள்ளிகளுக்காக. ஒதுக்குப்புறத் தீவில் பாடம் நடத்தினால் புள்ளி கூடுதல். புள்ளி சேர்ந்தால் சொந்த ஊர். குளிர்காலத்தில் ஒன்பது பேர் இருக்கும் வகுப்பில், சன்னல் தடதடக்க, பின்வரிசை தூங்க, 'இதற்காகவா இவ்வளவு படித்தோம்' என்று எங்களில் கேட்டுக்கொள்ளாதவர் இல்லை. அப்போதெல்லாம் சுவருக்கு அப்பால் உங்கள் குரல் கேட்கும்: "தப்பு. அழி. மறுபடி போடு." நாங்களும் எழுந்து மறுபடி தொடங்கினோம்.

ஒவ்வொரு வசந்தத்திலும் தலைமையாசிரியர் அனார்கிரோஸ் உங்களைக் கேட்பார்: "உங்க புள்ளி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. ஊர்ல உங்க வீடு பூட்டிக் கிடக்கு. மாற்றல் கேட்டா என்ன, டீச்சர்?"

"வேலை பாக்கி இருக்கு, சார்" என்பீர்கள். பாடத்திட்டத்தைச் சொல்கிறீர்கள் என்று நினைத்தோம்.

அந்த மூவரில் ஸராந்திஸ் மறு ஆண்டே எழுதினார். இன்று கப்பல் பொறியாளர். கிரிஸான்தி கல்யாணமாகி, கைக்குழந்தையோடு போய் எழுதினார். இன்று எங்கள் உயிரியல் ஆசிரியை, இந்த மடலில் கையெழுத்திடுபவர்களில் ஒருவர். மர்கெல்லா மட்டும் போகவில்லை. பள்ளிச் சிற்றுண்டிக் கடையில் மாவு பிசைந்துகொண்டு நின்றுவிட்டார். நீங்களும் விடவில்லை.

"மர்கெல்லா, இந்த வருஷம் வர்றியா?"

"போங்க டீச்சர், அடுப்புல பால் பொங்குது."

"பால் வருஷா வருஷம் பொங்கும்."

"பரீட்சையும் வருஷா வருஷம்தான் வருது!"

ஆண்டுதோறும் இதே பேச்சு. எங்களுக்கு அது வேடிக்கை. போன இலையுதிர் காலத்தில் மர்கெல்லாவே ஆசிரியர் அறைக்கு வந்து, சமையல் மேலங்கியில் கை துடைத்தபடி சொன்னார்: "உங்களுக்கு இதுதான் கடைசி வருஷமாமே. அப்புறம் என்னை யார் நச்சரிப்பாங்க? சரி, வர்றேன். ஆனா எனக்கு எல்லாம் மறந்துபோச்சு."

"தெரியும். உட்காரு."

கடை மூடியபின் தினமும் பாடம். மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து தோல்வி. மர்கெல்லா பேனாவை வீசுவார். நீங்கள் குனிந்து எடுத்துக் கொடுப்பீர்கள். இந்த மாதத் தொடக்கத்தில், தன் வயதில் பாதிகூட ஆகாத பிள்ளைகள் ஐவரோடு அவரும் வரிசையில் நின்று மாணவர் ரொட்டி வாங்கினார். "அக்கா, பரீட்சை ஹால்ல காபி ஆர்டர் எடுத்துடாதீங்க!" என்று கேலி பறந்தது. எலுமிச்சம்பழத்தோடு நீங்களும் ஏறினீர்கள். திருவிழாவன்று காற்று எழுந்து, துறைமுகம் இரண்டு நாள் அடைபட்டுக் கிடந்தது. அந்த அறுவரும் அக்கரையில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் எவ்தோக்கியா டீச்சரே! சாக்பீஸ் பிடித்து உலர்ந்த உங்கள் விரல்களுக்கு ஓய்வு வரட்டும், உள்ளத்துக்கு வேண்டாம். உங்கள் மூட்டுவலி குறையட்டும், குரல் குறையாதிருக்கட்டும். நீங்கள் எங்கே இருந்தாலும் நல்ல காற்று வீசட்டும். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். புள்ளி சேர்ந்து நாங்கள் ஒருவர்பின் ஒருவராகப் போனாலும், அடுத்து வருபவரிடம் சொல்லிவிட்டே போவோம்: முதலில் கொடியைப் பார், திருவிழாவுக்கு முன் கப்பலேற்று, தப்பென்றால் அழித்து மறுபடி போடு. இது வாழ்த்தல்ல, வாக்கு.

இங்ஙனம்,
உங்கள் சக ஆசிரியர்கள்

மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுமுன் சேர்த்தது:

மேலே உள்ளது சென்ற வாரம் எழுதியது. இன்று காலை மதிப்பெண்கள் வெளியாயின. மாவுக் கையில் கைப்பேசியோடு மர்கெல்லா ஆசிரியர் அறைக்குள் ஓடிவந்தார். "டீச்சர்! பதினாலு! இருபதுக்குப் பதினாலு! நர்சிங் கிடைச்சிடும்னு கிரிஸான்தி சொல்றா!"

நீங்கள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, திரையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தீர்கள். "மீதி ஆறு எங்க போச்சு?" என்றீர்கள். மர்கெல்லா சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு நீங்கள் கைப்பையைத் திறந்து, வாடகை அறையின் சாவியை எடுத்துத் தலைமையாசிரியரின் மேசைமேல் வைத்தீர்கள்.

"என்ன டீச்சர் இது?" என்றார் அனார்கிரோஸ்.

"மூணு பேரும் கரையேறிட்டாங்க, சார். இனி நான் கப்பல் ஏறலாம்."