ஆளுக்குப் பன்னிரண்டு வரி

— சேதிக்குப் பன்னெண்டு வரின்னா பன்னெண்டு வரிதான் தாயே. ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

— பள்ளிக்கூடக் கூரை இடிஞ்சு விழுந்ததுக்கும் பன்னெண்டு வரி, டம்ளர் உடைஞ்சதுக்கும் பன்னெண்டு வரியா சார்?

— ஆளுங்கட்சித் துணைத்தலைவர் கட்டின கூரை. நகர்மன்றக் கூட்டத்துல எதிர்க்கட்சி உறுப்பினர் மேஜையைத் தட்டி உடைச்ச கண்ணாடி டம்ளர். ரெண்டும் நகராட்சிச் சொத்து. தலைப்பைப் போட்டுக்கோ: ‘இரு கட்சியாலும் பொதுச் சொத்துக்குச் சேதம்!’

— அடேங்கப்பா!

— என்ன அடேங்கப்பா? முப்பது வருஷமா இந்தப் பத்திரிகைக்கு ஆசிரியர் நான். நடுநிலைன்னா ஊர்ல என் பேரைத்தான் சொல்வாங்க.

— துணைத்தலைவர் உங்க மச்சான்னும் சொல்வாங்க சார்.

— அது வேற, இது வேற. நீ பக்கத்தை வடிவமைக்கிற வேலையை மட்டும் பாரு.

— அந்தக் கூரையைச் சுரண்டினா மணலாக் கொட்டுது சார். ஞாயித்துக்கிழமை விழுந்ததால பிள்ளைங்க பிழைச்சாங்க. என் பொண்ணு உக்கார்ற பெஞ்சு ரெண்டாப் பொளந்து கிடக்கு. அடுத்த கட்டட ஒப்பந்தத்தையும் அவருக்கே குடுக்க நாளைக்கு மன்றத்துல தீர்மானம் போடறாங்க.

— அதுக்காக? ஒரு பக்கத்தை மட்டும் எழுதினா, எதிர்க்கட்சிக்காரன் நம்மளை விலைக்கு வாங்கிட்டான்னு பேசுவானுங்க. தப்புன்னா ரெண்டு பக்கமும் தப்பு.

— சரிங்க சார். ஆனா டம்ளர் சேதி ஒன்றரை வரியில முடிஞ்சு போச்சே?

— இழு. மேஜை என்ன மரம், மனுஷன் எத்தனை தடவை தட்டினான்...

— தட்டினதே கூரையைப் பத்திக் கேட்டுத்தான். அதையே எழுதி நிரப்பட்டுமா?

— என்னமோ எழுது. பன்னெண்டு வரி வந்தா சரி.

— டம்ளர் உடைஞ்சதை யார் பாத்தது சார்?

— மச்சானே... துணைத்தலைவரே போன்ல சொன்னார்.

— அப்ப ‘உடைந்ததாகத் துணைத்தலைவர் தெரிவித்தார்’னு போட்டுடறேன். படமும் வைக்கலாமா? கூரை ஒண்ணு, டம்ளர் ஒண்ணு. பக்கத்துல பக்கத்துல, ஒரே அளவுல.

— பலே! இப்பத்தான் உனக்கு நடுநிலை பிடிபடுது. மன்றம் நாலு கட்டடம் தள்ளித்தானே? ஓடிப் போய் எடுத்துட்டு வா.

*

— இந்தாங்க சார், பக்கம் ரெடி. பாத்துக் கையெழுத்துப் போடுங்க.

— அந்த ஸ்கேலை எடு. கூரை... எட்டு சென்டிமீட்டர். டம்ளர்... எட்டு. உயரம் ஆறு, ஆறு. வரி பன்னெண்டு, பன்னெண்டு. தராசு முள்ளு மாதிரி நிக்குது பாரு!

— படத்தையும் ஒரு தடவை நல்லாப் பாத்துடுங்க சார்.

— அளந்தாச்சு, அப்புறம் பாக்க என்ன இருக்கு? அச்சுக்கு அனுப்பு.

*

— தாயே! என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க? மன்ற வாசல்ல ஊரே கூடி நிக்குது!

— தெரியும் சார். என் வீட்டுக்காரரும் அங்கதான் இருக்கார்.

— ஆளுக்கொரு டம்ளர் வெச்சிருக்காங்க! தரையில போட்டுப் போட்டு எடுக்கறாங்க! ‘உடைச்சுக் காட்டு, உடைச்சுக் காட்டு’ன்னு ஒரே கூச்சல், சிரிப்பு. மச்சான் பின்வாசல் வழியா ஓடியே போயிட்டார்.

— தீர்மானம் என்னாச்சு சார்?

— என்னாச்சா? ஊத்திக்கிச்சு! மச்சானுக்கு ஒப்பந்தம் கிடையாது, கூரைக்கு விசாரணை. நம்ம கட்சிக்காரங்களே...

— நம்ம கட்சியா சார்?

— ...அவங்க கட்சிக்காரங்களே எதிர்த்துக் கை தூக்கிட்டாங்க. புதுக் கட்டடத்துக்கு வேற ஆளாம்.

— அப்பாடா! இனிமே என் பொண்ணு அண்ணாந்து பாக்காம பாடம் படிப்பா.

— அது கிடக்கட்டும். உடைஞ்சுபோன ஒரு கண்ணாடி டம்ளரைப் படம் போட்டா, இதுல ஊரே சிரிக்க என்ன இருக்கு?

— நேத்து படத்தை அளந்தீங்களே தவிர, பாக்கலையே சார். மன்றத்துல இருக்கிறது பூராவும் ஸ்டீல் டம்ளர்!