பூட்டின கூடும் வெளியில நிண்ட கோழியும்

— சபூறா! அடியே சபூறா! என்ட கோழியெல்லாம் எங்கடி?

— ஆரது, கைருன்னிஸாவா? ஒரு வருசமா வேலிக்கு அங்கால ஒரு மனிசி இரிக்கிறாளா இல்லயா எண்டே தெரியாமக் கெடந்திச்சி. வாயத் தொறந்ததும் மொதல் கதையே கோழிதானா? ஒரு சலாம் இல்லயா?

— அஸ்ஸலாமு அலைக்கும். கோழி எங்க?

— வஅலைக்குமுஸ்ஸலாம். என்ட தறிக்குழிக்குள்ள இரிக்கி.

— தறிக்குழிக்குள்ளயா! உன்ட மகன் பதியுதீன் இருந்து நெய்யிற குழிக்குள்ளயா?

— ஓம். அவன் கால் வெக்கிற எடத்துல இப்ப உன்ட கோழிதான் குந்திக்கிட்டு இரிக்கி. வெள்ளிக்கிழம அந்தியில இருந்து ஒரு முழம் புடவ நெய்யல்ல. கேட்டுக்கோ.

— என்ட கோழியப் புடிச்சி அடைக்க உனக்கென்ன உரித்து? கோழி கூடடையட்டுமெண்டு கூட்டு வாசல்ல நெல்லெறச்சி, சட்டியில தண்ணி வெச்சி, கூட்டையும் பூட்டிட்டுத்தான் நான் சம்மாந்துறைக்குப் போன.

— பூட்டின. நல்ல வடிவாப் பூட்டின. கோழியெல்லாத்தையும் வெளிய உட்டுப்போட்டு வெறுங்கூட்டப் பூட்டின.

— என்ன?

— தங்கச்சிட மகனுக்குச் சுன்னத்துக் கலியாணம் எண்டு ஜும்ஆ முடிஞ்ச கையோட பஸ்ஸுக்கு ஓடினாய். பட்டப்பகல்ல எந்தக் கோழிகா கூட்டுக்குள்ள போகும்? அதுகள் அங்கால முருங்கைக்குக் கீழ கிளறிக்கிட்டு நிண்டிச்சி.

— என்ட றப்பே! எங்கட மனிசன்தான் "பஸ் போகப்போகுது, பஸ் போகப்போகுது" எண்டு அந்தரப்படுத்தினாரு. நான் உள்ளுக்கும் எட்டிப் பாக்கல்ல.

— நீ எறச்ச நெல்லக் காகம் திண்டு முடிச்சிட்டு. அந்தியில உன்ட கோழியெல்லாம் அந்தக் கூட்டச் சுத்திச் சுத்தி வந்து, மறுகா என்ட கடப்பு வாசல்ல வந்து வரிசையா நிண்டிச்சி. வேல கேட்டு வந்த ஆக்கள் மாதிரி.

— தொரத்தி உட்டிருக்கலாமே. "உன்ட கோழி என்ட வளவுல கால வெச்சா கால முறிப்பன்" எண்டு ஊருக்கே கேக்கச் செல்லினவள்தானே நீ.

— செல்லினதான். இப்பயும் செல்லுவன். சாயம் போட்டுக் காயவெச்ச நூலுல ஏறி நடந்து எச்சம் போட்டா, மடியில தூக்கி வெச்சிக் கொஞ்சவா செல்றாய்? ஆனா தென்னையில மரநாய் எறங்கிறதக் கண்டன். அதுக்குத் தெரியுமா நமக்குள்ள கோவமெண்டு? ஒவ்வொண்டாத் தூக்கி உள்ளுக்குக் கொண்டு வந்தன். அந்த வெள்ளப் பேடு என்ட கையக் கொத்தினதப் பாரு. வளத்தவளப் போலதான் இரிக்கி.

— சரி, சரி. அல்லா உனக்கு நல்லது செய்யட்டும். வேலிக்கு மேலால ஒவ்வொண்டாத் தா. கறுத்தப் பேடு... வெள்ளப் பேடு... இந்தா, குஞ்சுக்காரியும் வந்திட்டாள்... சபூறா, சாவல் எங்க?

— எந்தச் சாவல்?

— எந்தச் சாவலா! ஊர்ச் சாவலெல்லாமா என்னட்ட இரிக்கி? செவத்தச் சாவல்!

— கொஞ்சம் இருந்து கதைப்பம் கா.

— திண்டிட்டாய்!

— ஒரு செட்டையும் எனக்குக் கெடைக்கல்ல. அல்லாவறிய.

— மறுகா ஆரு திண்ட?

— உன்ட விருந்தாளியள்.

— எனக்கு ஆருடி விருந்தாளி?

— நேத்து லுஹர் தொழுகைக்கு முன்ன, நிந்தவூருல இருந்து கூடாரம் போட்ட மாட்டு வண்டி ஒண்டு வந்து உன்ட கடப்படியில நிண்டிச்சி. மூணு பொம்புளையள். முன்னுக்கு எறங்கினது உம்மு எண்ட மனிசி. ஷரிபுதீன் மாஸ்டர்ர உம்மாவாம்.

— யா அல்லா! என்ட மகள் பரீனாக்கு மாப்புள கேட்டு நாங்க ஆளனுப்பின எடம்! செல்லாமக் கொள்ளாமயா வந்த?

— செல்லிட்டு வந்தா எல்லா ஊடும் துப்புரவாத்தானே இரிக்கும். உள்ளது உள்ளபடி பாக்க வந்திரிக்காங்க. பாத்தா, ஊடும் பூட்டு, வெறுங்கூடும் பூட்டு.

— நீ வேலி ஓட்டையால பாத்துச் சிரிச்சிக்கிட்டு நிண்டிருப்பாய்.

— பொய் செல்லமாட்டன். கொஞ்ச நேரம் சந்தோசமாத்தான் இருந்திச்சி. மறுகா அந்த மனிசி வண்டிக்காரனப் பாத்துச் செல்றா, "திருப்புங்க தம்பி, மருதமுனையில வந்தவங்களுக்கு ஒரு மிடறு தண்ணி குடுக்க ஆளில்ல" எண்டு. மருதமுனையாம்! உன்ன ஏசினா ஏசட்டும், அது என்ட ஊரும்தானே. கடப்பத் தொறந்துக்கிட்டு ஓடினன். "வாங்க ராத்தா, அவங்க ஒரு கலியாணத்துக்குப் போயிரிக்காங்க, இதும் அவங்கட ஊடு மாதிரித்தான்" எண்டு கையப் புடிச்சிக் கூட்டி வந்தன்.

— நீயா?

— நாந்தான். பதியுதீன அனுப்பிப் பள்ளி மோதினாரக் கூட்டி வந்து சாவல அறுத்த. நெய்ச்சோறு, கோழிக்கறி. பேடெல்லாம் தறிக்குழிக்குள்ள இட்ட முட்டையில வட்டிலப்பம்.

— என்னட்ட ஒரு கத கேளாம என்ட சாவல அறுத்தியா!

— இஞ்ச நிண்டு கத்தினாச் சம்மாந்துறைக்குக் கேக்குமா? விருந்தாளி உன்ட, அப்ப சாவலும் உன்ட. அரிசியும் நெய்யும் என்ட. இதுல என்ன பிழ?

— ...பிழ இல்லதான். கறி நல்லா வந்திச்சா?

— கெழட்டுச் சாவல் கா, வெறகுதான் முடிஞ்சி. எண்டாலும் வழிச்சித் திண்டாங்க.

— பரீனாவப் பத்திக் கேட்டாங்களா?

— வேற என்னத்துக்கு வந்த? கேட்டாங்க. ஓதின புள்ள, வேலையில கை வேகம், ஆக்களுக்கு மரியாத தெரிஞ்ச புள்ள எண்டு செல்லின. நீயும் நானும் மொகத்தத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்ச இவ்வளவு நாளும், அவள் என்னக் கண்ட எடத்துல சலாம் செல்லாமப் போனதில்ல. அத அவங்களுக்கிட்டச் செல்லல்ல. உனக்குச் செல்றன்.

— எனக்குத் தெரியாமயா? கள்ளி!

— ஏசாத. மறுகா உன்னப் பத்தியும் கேட்டாங்க.

— என்ன செல்லின?

— உள்ளதச் செல்லின. வாய்க்காரி, புடிச்ச புடி உடமாட்டாள் எண்டு.

— நாசமாப் போச்சி!

— முழுக்கக் கேட்டுக்கோ. அந்தப் பெருவெள்ளத்துல என்ட அடுப்பு தண்ணிக்குள்ள தாண்டு போனப்போ, அவள்ற அடுப்புலதான் ரெண்டு ஊட்டுச் சோறும் வெந்திச்சி, தனக்குச் சோறு காணாட்டியும் எங்களுக்குத்தான் முதல்ல போட்டுத் தந்தாள், அப்பிடியும் செல்லின. அழாதகா.

— ஆரு அழுற? உன்ட அடுப்புப் பொகை.

— என்ட அடுப்பு இன்னம் மூட்டல்ல.

— சரி, முடிவச் செல்லு. உம்மு ராத்தாக்கு எங்களப் புடிச்சிச்சா?

— புடிக்காம? வெத்திலையையும் போட்டுட்டுச் செல்றா, "வாற வெள்ளிக்கிழம எங்கட ஆம்புளையள அனுப்பிறம், பேசி முடிப்பம்" எண்டு.

— அல்ஹம்துலில்லாஹ்! சபூறா, என்ட தங்கமே, சாவல் போனாப் போகட்டும்! வெள்ளிக்கிழமைக்கு நான் என்ன ஆக்கட்டும்?

— ஒண்டும் ஆக்க வேணாம். அவங்க வரமாட்டாங்க.

— என்ன கத இது?

— நாந்தான் வேணாமெண்டு செல்லி அனுப்பின.

— சபூறா!

— செல்றதக் கேளு. பகல் முழுக்க உன்ட மகளப் புகழ்ந்து புகழ்ந்து, அந்த மனிசி வண்டியில கால வெக்கக்குள்ள எனக்கே புத்தி வந்திச்சி. இப்பிடி ஒரு புள்ளயக் கண்ணுக்கு முன்னால வெச்சிக்கிட்டு நான் ஏன்கா நிந்தவூராருக்கு எடுத்துக் குடுக்கிற? எனக்கிரிக்கிறது ஒரே மகன். கலியாணம் முடிச்சா பொஞ்சாதிட ஊட்டுக்குத்தானே போவான். எந்த ஊருக்குப் போவானோ எண்டு நான் தொழுகையில அழாத நாளில்ல. இஞ்ச எண்டா வேலிக்கு அங்காலதானே. "மறந்திட்டன் ராத்தா, புள்ளைக்கு மாப்புள பேசியாச்சாம், இப்பதான் ஞாபகம் வருது" எண்டு செல்லிட்டன்.

— பதியுதீனுக்குத் தெரியுமா இது?

— வண்டி போனதும் செல்லின. ஒடனே சட்டயப் போட்டுக்கிட்டு, சுத்தியலையும் எடுத்துக்கிட்டு உன்ட கோழிக்கூட்டுல ஆடுற கதவத் திருத்தப் போயிட்டான்.

— நீயெல்லாம் ஒரு மனிசியா? என்னட்டக் கேக்கல்ல, எங்கட மனிசனுட்டக் கேக்கல்ல, பெத்த புள்ள பரீனாட்ட... ஏய் பரீனா! கதவுக்குப் பின்னால நிண்டு ஏன்டி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாய்?

— அப்ப அவளுட்டக் கேட்டு முடிஞ்சி. இனி உன்ட வேலதான் மிச்சம்.

— எனக்கென்னடி வேல?

— மாப்புள கேட்டு வாறது பொண்ணூட்டார்தானே கா. வேலியில தொங்கிக்கிட்டுக் கத்தாம, மொகத்தக் கழுவிட்டுக் கடப்பால வந்து மொறயாக் கேளு. நான் யோசிச்சிச் செல்றன்.