தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்றவள்

தையல் கம்பெனியில் எல்லோரும் என்னைச் சின்னக்கா என்று கூப்பிடுவார்கள். வயது பதினேழு நடக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். தண்ணீர்த் தொட்டித் தெருவில் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் அம்மாவோடு குடியிருக்கிறேன். எனக்கு வயது குறைவு என்பதால் அம்மாவையும் ஒரு பெண் போலீஸையும் பக்கத்தில் உட்கார வைத்து இந்த வாக்குமூலம் எழுதப்படுகிறது. நான் பேசுவது காதில் விழவில்லை என்று எழுதுகிறவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கம்பெனியின் பின்பக்கம் துணி வைக்கும் கிடங்கை ஒட்டி ஒரு சின்ன அறை இருக்கிறது. வேலைக்கு வரும் அக்காக்கள் பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மெஷினுக்குப் போவார்கள். சாயங்காலம் வரை அவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இப்போது நான்கு பேர் இருக்கிறார்கள். பட்டன் தைக்கும் அக்காவின் மகள் பட்டாணி, அவள்தான் பெரியவள், இன்னும் ஐந்து முடியவில்லை. அடுத்து இரட்டைப் பையன்கள் இருவர். கடைசியில் வாலு.

அந்த அறையில் நாங்கள் வைத்திருக்கும் ஒரு வழக்கத்தைச் சொன்னால்தான் நேற்று நடந்தது புரியும். எனக்கு முன்பு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா, எது உடைந்தாலும் குச்சியை எடுத்துக்கொண்டு யார் உடைத்தது என்று கேட்பாராம். அதனால் பிள்ளைகள் உடைந்ததை ஒளித்துவைக்கப் பழகியிருந்தார்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்து, யாரோ சில்லைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டார்கள், அது வாலுவின் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. அதன் பிறகு நான் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர்களிடம் ஒன்று சொன்னேன். உடைத்தாலும் கொட்டினாலும் ஓடக்கூடாது. அதற்குப் பக்கத்திலேயே நின்று, வேறு யாரும் மிதித்துவிடாமல் கையை நீட்டித் தடுக்க வேண்டும். நான் வந்து, இருவரும் சேர்ந்து அதைச் சரிசெய்யும்வரை நிற்க வேண்டும். அடி இல்லை, திட்டு இல்லை. கொஞ்ச நாள் யாரும் நிற்கவில்லை. அதன் பிறகு அளவுக்கு மீறி நின்றார்கள். இரட்டையரில் ஒருவன் தான் கொட்டாத தண்ணீருக்குப் போய் நிற்க, மற்றவன் “அது என் தண்ணி, நீ போடா” என்று அவன் முடியைப் பிடித்திருக்கிறான்.

நேற்று மதியம் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, வேன் டிரைவர் அண்ணன் துணி உருளைகளை இறக்கித் தள்ளுவண்டியில் அடுக்கினார். கிடங்கு வாசலில் இருந்து முற்றத்துக்கு இறங்கும் சிமெண்ட் சரிவின் மேலே வண்டியை நிறுத்திவிட்டு அவர் உள்ளே போனார். வண்டியை அங்கே நிறுத்தினால் சக்கரத்துக்கு ஒரு அரைச் செங்கல்லை முட்டுக் கொடுப்பது அவர் வழக்கம். நேற்று வைத்ததை நான் என் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் பார்த்ததாகச் சொல்ல மாட்டேன். நான் அப்போது குழாயடியில் வாலுவுக்கு வாய் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பெரிய சத்தம் கேட்டது. வண்டி தானாக உருண்டு, கீழே சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்த, கம்பெனியில் துணி தேய்க்கும் அயர்ன் மாமாவின் காலில் மோதியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

அதன் பிறகு எல்லோரும் ஓடி வந்தார்கள். சூப்பர்வைசர் டிரைவர் அண்ணனிடம் “கல்லு வெச்சியா?” என்று கேட்டார். அவர் “வெச்சேன் சார், சத்தியமா வெச்சேன்” என்றார். “வெச்ச கல்லு கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?” என்று சூப்பர்வைசர் கத்தினார். எல்லோரும் தேடினார்கள், கல் இல்லை. அயர்ன் மாமாவை ஆட்டோவில் ஏற்றும்போது டிரைவர் அண்ணன் கூடவே ஓடி, “மாமா, நான் வெச்சேன் மாமா” என்றார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு போலீஸ் வந்து டிரைவர் அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரணை முடியும்வரை வண்டியை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜீப் போன பிறகுதான் வண்டிக்குப் பக்கத்தில் பட்டாணி நிற்பதைப் பார்த்தேன். ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா தூக்கிக்கொண்டு போய் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார், அவள் இறங்கி வந்து மறுபடியும் நின்றாள். சூப்பர்வைசர் “பொடிசுக்கு வேடிக்கையைப் பாரு” என்றார். நான் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தேன்.

“நீ தள்ளுனியா பட்டாணி?”

“தள்ளல.”

“அப்புறம் ஏன் நிக்கிற?”

“கல்லு நான்தான் எடுத்தேன். பாப்பாவுக்குத் தலகாணி இல்ல.” பிறகு சரிவையும் சக்கரத்தையும் பார்த்துவிட்டு, “அது வண்டியைப் பிடிச்சிட்டு இருந்திருக்கு சின்னக்கா. எனக்குத் தெரியாது” என்றாள்.

நான் அறைக்குப் போய்ப் பார்த்தேன். அவள் பொம்மையின் தலைக்கு அடியில், நீல நிற லைனிங் துணித் துண்டில் சுற்றி, அந்தச் செங்கல் இருந்தது. ஒரு முனையில் சக்கரத்தின் கறுப்பு மசி ஒட்டியிருந்தது. நான் அதை நகர்த்தவில்லை.

அதன் பிறகு பட்டன் அக்காவிடம் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து, “வாயைத் திறந்துடாதடி. எனக்கும் வேலை போயிடும், உனக்கும் போயிடும், அந்த ரூமையே இழுத்துப் பூட்டிடுவாங்க. மத்தவளுங்க பிள்ளையை எங்க கொண்டுபோய் விடுவாளுங்க?” என்றார். அது உண்மைதான். டிரைவர் அண்ணன் அப்போது இந்த ஸ்டேஷனில் இருந்தார் என்பதும் உண்மைதான்.

இன்று காலை பட்டாணி வந்தாள், பையை ஆணியில் மாட்டினாள், நேராக வண்டிக்குப் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் இரட்டையர்கள் போய் நின்றார்கள். வாலுவும் போனான். நான் “நீங்க ஏன்டா நிக்கிறீங்க? நீங்க எதுவும் செய்யலையே” என்றேன். இரட்டையரில் பெரியவன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுபோல, “அவ தனியா நிக்கிறால்ல” என்றான். நேற்று வரை கொட்டாத தண்ணீருக்குச் சண்டை போட்டவன் இவன்.

பட்டன் அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு எழுந்து வந்து, “சொல்லித் தொலைடி. இவ இங்க நிக்கிறா, நான் எப்படி அங்க உக்காந்து பட்டன் தைக்கிறது?” என்றார். குரல் கோபமாக இருந்தது, ஆனால் மகளின் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டார்.

நானும் பட்டன் அக்காவும் பட்டாணியைக் கூட்டிக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனோம். நான் பேச ஆரம்பித்ததும் அவர், “என்ன அதிசயம், ஊமைக்கு வாய் முளைச்சிருக்கு?” என்று சத்தமாகச் சிரித்தார். பட்டாணி அவரை அண்ணாந்து பார்த்து, “சின்னக்கா ஊமை இல்ல. மெதுவாப் பேசுவாங்க. நீங்க கத்தாம இருந்தா கேக்கும்” என்றாள். அதன் பிறகு அவர் கத்தவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு வீட்டுக்குப் போய் என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அயர்ன் மாமாவின் கால் கட்டுப்போட்டுத் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. பட்டாணி கட்டிலுக்குப் பக்கத்தில் போய், யாரும் காலை இடித்துவிடாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மாமா “யாருடி இது, என் காலுக்குக் காவல்காரி?” என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். மாமா மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே, “அந்தப் பையன் அப்படிச் சத்தியம் பண்ணான், நானே நம்பலையே” என்றார். அதன் பிறகு பட்டாணியிடம், “எவ்வளவு நேரம் நிக்கப் போற?” என்று கேட்டார்.

“ஒட்டுற வரைக்கும்.”

“அதுக்கு மாசக்கணக்கா ஆகும்டி.”

“அப்ப தினமும் வரேன்.”

மாமா கொஞ்சம் நகர்ந்து, கட்டிலில் இடம் கொடுத்து, “நிக்க வேணாம், உக்காந்துக்கோ” என்றார்.

அதன் பிறகு நாங்கள் இங்கே வந்தோம். செங்கல்லும் துணியும் பொம்மைக்கு அடியிலேயே இருக்கின்றன, யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். கிடங்கு வாசலுக்குக் கதவு கிடையாது, ஒரு கதவு வைத்தால் நல்லது.

டிரைவரைக் காப்பாற்றக் குழந்தையிடம் இப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்தாயா என்று அதிகாரி கேட்டதற்கு, இல்லை என்று சொல்கிறேன். நான் சொல்லிக்கொடுத்தது தம்ளருக்கும் தண்ணீருக்கும் மட்டும்தான். ஒரு வண்டிக்கும் ஒரு மனிதருடைய காலுக்கும் அதே வழக்கம் பொருந்தும் என்று நான் அவளுக்குச் சொன்னதில்லை. அதை அவளே கண்டுபிடித்தாள். நேற்று நான் அவளை வண்டியருகே பார்க்கும்போது அவளை யாரும் கேட்டிருக்கவில்லை, கல்லை அவள் எடுத்தது யாருக்கும் தெரியாது, அறைக்குள் போய் விளையாடியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கவும் போவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது டிரைவர் அண்ணனை வெளியே அழைத்து வந்து வராந்தா பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார். பட்டாணி அவருக்குப் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். போலீஸ்காரர்கள் எல்லோரும் அவள் கையில் படாமல் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். அவளைப் பார்த்துக்கொள்வது நான்தான் என்பதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அதைச் சத்தமாகவே சொன்னேன்.

எழுதியதை எனக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டினார்கள். நான் பார்த்ததும் கேட்டதும் இவ்வளவுதான், இதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

(ஒப்பம்)
சின்னக்கா