தனி அறை இருக்கிறது

வீடு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதில் ஓர் அறை காலியாக இருப்பது நல்லது. வீட்டு வரைபடம் வரைவது என் வேலை என்பதற்காகச் சொல்லவில்லை, சார்ஜன். அனுபவத்தில் சொல்கிறேன், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கோவிட்டின் இரண்டாம் ஆண்டில் நானும் என் மனைவி விமலாவும் ஈப்போவில் ஒரு வரிசை வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். எட்டடிக்கு ஏழடி. என் படங்களில் அந்த அளவு அறைக்கு ஸ்டோர் என்று எழுதுவேன். ஜன்னல் போட மாட்டேன். வீட்டில் மொத்தம் ஒன்பது பேர், ஒரே குளியலறை.

ஜூலையில் விமலாவுக்குத் தொற்று வந்தது. கிளினிக்கிலிருந்து நர்ஸ் போன் செய்தார்.

"தனி ரூம் இருக்காண்ணே? இல்லேன்னா சொல்லுங்க, வண்டி அனுப்புறோம். கோவிட் சென்டர்ல வெச்சுப் பாத்துக்குவாங்க."

வீட்டு ஓனர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி வந்தால் நாங்கள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். இருக்கிறது என்றேன். குளியலறையோடு இருக்கிறது என்றேன். ஆறாம் நாள் காலை விமலா எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். வேறு இடம் இல்லை.

பிறகு சேமநிதிப் பணத்தை எடுத்து, ஓர் அறையும் ஹாலும் உள்ள அடுக்குமாடி வீடு பிடித்தேன். நான் ஹாலில் படுத்தேன். அறையில் விமலாவுக்கு ஒரு கட்டில், ஒரு காத்தாடி, இரண்டு ஜன்னல். தலையணையின் பிளாஸ்டிக்கைப் பிரிக்கவில்லை. சனிக்கிழமைகளில் தரையைத் துடைத்துப் பூட்டுவேன்.

அடுத்த ஜனவரியில் சுங்கை சிப்புட்டில் விமலா பிறந்த தோட்டத்து லயத்து வீடுகளை இடித்தார்கள். நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டிருந்தது. அங்கே வரப்போகும் வீடுகளின் படங்கள் என் மேசைக்குத்தான் வந்தன. வீட்டுக்கு நான்கு அறை, அதில் ஒன்று விருந்தினருக்கு. விமலாவின் அம்மா கருப்பம்மாளும் தம்பி தனேஷும் குளிர்பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். அத்தைக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவர்களுக்கும் ஹாலில் பாய் விரித்தேன்.

"சார்டின் டின் மாதிரி நாம கெடக்குறோம், கட்டில் மட்டும் சொகமா தூங்குது லா," என்பான் தனேஷ். "உள்ள என்னா மச்சான், தங்கமா வெச்சிருக்கீங்க?"

நானும் சிரிப்பேன்.

மார்ச்சில் தனேஷுக்குத் தொற்று. மறுபடி நர்ஸ், மறுபடி அதே கேள்வி. தனி அறை இருக்கிறது, இரண்டு ஜன்னல் என்றேன்.

"அப்ப நல்லதுண்ணே, வீட்லயே இருக்கட்டும்."

தனேஷ் பாயைச் சுருட்டிக்கொண்டு அறைக் கதவின் முன் வந்து நின்றான். அது உனக்கு இல்லை என்றேன்.

"பின்ன எதுக்கு இருக்குன்னு சொன்னீங்க?"

"கேட்டாங்க. சொன்னேன்."

அத்தை எழுந்து உட்கார்ந்தார். "அவன உள்ள விடுங்க மாப்ளே. எனக்கு ஒட்டிக்கிச்சுன்னா தாங்காது. விமலா இருந்தா இந்நேரம் தொறந்திருப்பா."

விமலா இருந்தால் அறை அவளுக்குத் தேவைப்பட்டிருக்கும் என்றேன்.

சாவி தொலைந்துவிட்டதாக நான் சொன்னேன் என்று தனேஷ் புகாரில் எழுதியிருக்கிறான். அது தவறு. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்தும் காட்டினேன். அவன் கதவை உதைக்க வந்தபோது குறுக்கே நின்றேன். அவனுக்கு நிற்கவே மூச்சு வாங்கியது. தள்ள வேண்டிய அவசியம்கூட வரவில்லை.

ஐந்தாம் நாள் அத்தைக்குக் காய்ச்சல். எட்டாம் நாள் மத்தியானம் ஆம்புலன்சுக்குக் காத்திருந்தபோது சாரல் அடித்தது. ஜன்னலைச் சாத்துவதற்காக அறைக்குள் போனேன். மெத்தை நனைந்திருக்கவில்லை. திரும்பியபோது அத்தை ஹாலில் படுத்தபடி, திறந்த கதவு வழியாகக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து பூட்டினேன். ஆம்புலன்ஸ் வந்தபோது அவருக்கு மூச்சு இல்லை.

"வேணும்னே செஞ்சியா தம்பி?" என்று கேட்டீர்கள். ஆமாம். இல்லை என்று நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டி வந்து தனேஷைக் கொண்டுபோயிருக்கும். கதவைத் திறந்திருந்தாலும் போதும். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் அத்தை இன்று இருந்திருப்பார். அது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஆனால் கிளினிக்கில் கேட்டது தனி அறை இருக்கிறதா என்று. இந்த முறை நான் பொய் சொல்லவில்லை.