அடுப்பு சேர்த்தவன்

விருதுநகர் வெயிலில் ஹீட்டர் வாங்கி வைத்திருக்கிற ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன், ஐயா. சிரிக்கலாம், தப்பில்லை. ஆமத்தூரில் சிரிக்காதவர் கிடையாது. டீக்கடை பாலகுரு என் தலையைக் கண்டாலே, "ஏலே அய்யாதுரை, நம்ம ஊர்ல எப்பலே பனி பெய்யப் போகுது?" என்பான். ஏட்டையா எழுத எழுத நான் நிதானமாகவே சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் நான் போர்மேன். நாள் முழுக்க எங்கேயும் பொறி விழுந்துவிடக் கூடாதே என்று காவல் காக்கிற பிழைப்பு. அப்படிப்பட்டவனுக்குச் சொன்னபடி கேட்கிற நெருப்பின் மேல் ஓர் ஆசை. பழைய பம்ப் ஸ்டவ், திரி ஸ்டவ், வெள்ளைக்காரன் காலத்து வார்ப்பிரும்பு ஹீட்டர் என்று எதைக் கண்டாலும் விட மாட்டேன். அரசாங்கம் இலவச கேஸ் அடுப்பு கொடுத்த சமயத்தில் ஊர் ஊராக மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். விருதுநகரில் பீர் முகைதீன் பாய் கடையில் அது மலையாய்க் குவிந்தது. உடைக்கிறதுக்கு முன்னால் எனக்குச் சொல்லி அனுப்புவார். நல்ல மனுஷர்.

கொடைக்கானல் பங்களா ஒன்றிலிருந்து வந்த ஹீட்டரையும் அவர்தான் கொடுத்தார். மூன்று கால், வார்ப்பிரும்பு உடம்பு, அடியில் மண்ணெண்ணெய் ஊற்றப் பித்தளை டேங்க், முன்னால் தீ தெரிகிற மாதிரி காக்காப்பொன், அதாவது மைக்கா, தகடு வைத்த குட்டி ஜன்னல். என் வீட்டுக்காரி பொன்னுத்தங்கம் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே புளி போட்டுத் தேய்த்துப் பித்தளையைப் பளபளவென்று ஆக்கினாள். ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் ஏற்றினோம். அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "உள்ள யாரோ குடியிருக்குற மாதிரி இருக்குங்க" என்றாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அன்றைக்கு அவள் முகம் இருந்த இருப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

அவளும் அதே கம்பெனியில்தான் வெடிக்கு மருந்து அடைத்தாள். வேலை விட்டு வருகிற பெண்களின் சேலை, தலைமுடி எல்லாவற்றிலும் அலுமினியத் தூளும் மருந்துத் தூசியும் ஒட்டியிருக்கும். குளித்து, சேலை மாற்றாமல் நெருப்புப் பக்கம் போகக் கூடாது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பின்வாசல் கதவு சாத்தியிருந்தால் உள்ளே அடுப்பு எரிகிறது, தொட்டியடியில் குளித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். திறந்து கிடந்தால் நெருப்பு இல்லை, நேரே உள்ளே வரலாம். அலுத்துக் களைத்து வருகிறவள் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுக் குளிக்கட்டுமே என்று நான் ஏற்படுத்தினதுதான். ஒரு நாளும் அதில் நாங்கள் தவறியதில்லை.

போன வருஷம் பக்கத்து ஷெட் வெடித்ததில் சொர்ணலட்சுமி போய்விட்டாள். பொன்னுத்தங்கத்தோடு ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவள். அதிலிருந்து இவளுக்குத் தூக்கம் போயிற்று. திருப்பூரில் அவள் அக்காள் மகள் சினேகா பனியன் கம்பெனியில் இருக்கிறாள், அங்கேயே போய்விடுவோம் என்று ஆரம்பித்தாள். ஒற்றை அறை வீடு. என் அடுப்புகளுக்கு அங்கே இடம் ஏது? பாயிடமும் அவளே பேசி, ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டாள். என்னிடம் சண்டை போடவில்லை. "நீங்க வந்தா சந்தோசம். வராட்டாலும் நான் போயிருவேன். எனக்கு உசிரோட இருக்கணும் போல இருக்கு" என்றாள்.

ஆகட்டும் என்றேன். கோபமெல்லாம் இல்லை, ஐயா. அவள்மேல் நான் கை நீட்டியதே கிடையாது, ஊரில் விசாரித்துப் பாருங்கள். உட்கார்ந்து யோசித்தேன். கையில் கொஞ்சம் சூடு பட்டால் போதும். கை வெந்த பொம்பளையை எந்த பனியன் கம்பெனி வேலைக்கு வைக்கும்? வீட்டோடு இருப்பாள். நான் சோறு ஊட்டுவேன், தலை வாரிவிடுவேன். மழை பெய்தால் ஹீட்டர் முன்னால் ரெண்டு பேரும் உட்கார்ந்துகொள்வோம். இதில் அவளுக்கு என்ன குறை வந்துவிடும் என்றுதான் எனக்குப் பட்டது.

சனிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் கம்பெனி வேன் வருகிற நேரம் பார்த்து, கொடைக்கானல் ஹீட்டரைப் பின்வாசல் நிலையை ஒட்டிச் சுவர் மறைவில் வைத்தேன். மேல்மூடியைக் கழற்றிவிட்டுத் திரியை ஏற்றினேன். கதவைத் திறந்து வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். முன்வாசல் வழியாகப் போய் பாலகுரு கடையில் டீ சொன்னேன். டீ கைக்கு வருவதற்குள் அவள் சத்தம் கேட்டது.

ஹீட்டர் வெடித்துவிட்டது என்று ஊரே பேசியது. அது வெடிக்கவில்லை, ஐயா. மதுரை ஆஸ்பத்திரிக்கு மாஜிஸ்திரேட் வந்து அவளிடம் கேட்டபோது என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவர் போன பிறகு பக்கத்தில் போனேன். என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். குனிந்தேன். "கதவு சாத்தித்தான் இருந்துச்சு, நாந்தான் மறந்து தெறந்துட்டேன்னு சொல்லிருக்கேன். நீங்க வேற எதும் சொல்லிராதீக" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவள் வாயிலிருந்து நான் கேட்ட பொய் அது ஒன்றுதான். மறுநாள் போய்விட்டாள். அந்தப் பொய்யோடு என்னால் அந்த வீட்டில் ஒரு வாய் சோறு தின்ன முடியவில்லை. அழுது தீர்க்கலாம் என்றால் அழுகையும் வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக இங்கே வந்தேன்.

ஒன்றை மட்டும் ஏட்டையா தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. சின்னச் சூடுதான் படும் என்று மனசார நம்பினேன். அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நீங்கள் கேட்கிறதும் நியாயம்தான். மற்ற அடுப்புகளுக்கு ஒரு சேதமும் இல்லை, உண்மை. அன்றைக்குக் காலையிலேயே ஒவ்வொன்றாய்த் தூக்கிக்கொண்டுபோய் பக்கத்து வீட்டு மொக்கைச்சாமி தொழுவத்தில் அடுக்கி, சாக்குப் போட்டு மூடிவிட்டேன். பாய் வண்டியில் ஏற்ற வசதியாக இருக்கும் என்று மொக்கைச்சாமியிடம் சொன்னேன். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? வீடு தீப்பிடித்தால் அந்தப் பழைய பித்தளை தாங்காது, ஐயா.