கொலை வழக்கின் கடைசிப் பத்தி

என் பெயரும் வீட்டு முகவரியும் காவல் ஆய்வாளர் மேலே குறித்துக்கொண்டபடி சரி. வயது நாற்பத்து நான்கு. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பதினெட்டு வருடமாகச் சுருக்கெழுத்தாளராக இருக்கிறேன். சுருக்கெழுத்து நோட்டு ஒன்றைத் திருடியதாக எங்கள் கண்காணிப்பாளர் கொடுத்த புகாரின்பேரில், இன்று பிற்பகல் மூன்று மணிக்கு நீதிமன்றத்தில் வைத்து என்னை அழைத்து வந்தார்கள். எடுத்தது நான்தான். ஏன் எடுத்தேன் என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் நீதிபதி காரணங்களை நிறுத்தி நிதானமாகச் சொல்வார். முடிவைச் சொன்னதும், "மத்ததெல்லாம் வழக்கம்போல போட்டுக்கோங்கம்மா" என்று அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்துவிடுவார். அதனால் எங்களில் யாரும் கடைசிப் பத்தியைப் புதிதாக அடிப்பதில்லை. முந்தைய தீர்ப்பைக் கணினியில் திறந்து, அதன் மேலேயே மாற்றிக்கொண்டு போவோம். பதினோரு நாளைக்கு முன்பு, இரண்டு பங்காளிகளின் மதில் சுவர் வழக்கில் மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. அதன் பிறகு ஒரு லாரி ஓட்டுநர்மேல் போட்ட கொலை வழக்கு வந்தது. கீழ்க்கோர்ட்டில் அவருக்கு ஆயுள் தண்டனை. சாட்சியை நம்ப முடியவில்லை, விடுதலை என்று நீதிபதி சொன்னார். ஓட்டுநரின் மனைவி கடைசி பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு நான் சுவர் வழக்கின் மேலேயே கொலை வழக்கை அடித்தேன். ஒன்பது பக்கத்தில் எட்டரைப் பக்கம் மாற்றினேன். மேல்முறையீடு தள்ளுபடி, கீழ் நீதிமன்றத் தீர்ப்பு உறுதி என்ற பத்தி அப்படியே இருந்துவிட்டது. நடுவில் போன் வந்தது, மகளுக்குக் காய்ச்சல் என்றெல்லாம் சாக்குச் சொல்லலாம். எனக்குக் கவனம் இல்லை, அவ்வளவுதான். முப்பத்தொரு கட்டுகளோடு அதுவும் கையெழுத்தாகிச் சிறைக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்று மதியம் அந்த ஓட்டுநரின் மனைவி எங்கள் பிரிவுக்கு வந்தாள். கையில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று. எட்டு நாளாக அதைச் சிறை வாசலுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருகிறாளாம்.

"ஜட்ஜ் ஐயா விடுதலைன்னு சொன்னதை என் காதால கேட்டேன் சார். பேப்பர்ல அப்படி இல்லைங்கிறாங்க. வக்கீலும் ஊர்ல இல்லை."

கண்காணிப்பாளர் தலையை நிமிர்த்தாமல், "கோர்ட்டு பேப்பர் பொய் சொல்லாதும்மா" என்றார். அன்றைய சுருக்கெழுத்து நோட்டைத் தேடி எடுத்தேன். விடுதலை என்றுதான் நானே எழுதியிருந்தேன்.

அவள் போனதும் அவரிடம் காட்டினேன். நகலைச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவர் அவர். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். "அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடும்மா. அவங்க மேல்கோர்ட்டுக்கு அப்பீல் போகட்டும். நாம ரெண்டு பேரும் தப்பிச்சோம்" என்றார். மேலே போனால் குறைந்தது மூன்று வருடம் ஆகும். அப்படிக் காத்துக் கிடக்கிற கட்டுகளைத் தினமும் தூசி தட்டுகிற எனக்குத் தெரியாதா? சரி என்று தலையாட்டிவிட்டு, நோட்டைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு நீதிபதியின் அறைக்கு நடந்தேன். மாடிப்படி ஏறுவதற்குள் காவலர்கள் மறித்துவிட்டார்கள். நோட்டைக் காணோம் என்று கண்காணிப்பாளர் முந்திக்கொண்டு புகார் சொல்லியிருந்தார்.

நாளை முதல் நீதிமன்றத்துக்கு ஒரு மாதம் விடுமுறை. திருத்த உத்தரவில் நீதிபதி இன்றே கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். இங்கே சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு பத்து. நோட்டு உங்கள் மேசைமேல் இருக்கிறது, நாற்பத்திரண்டாம் பக்கம். என்மேல் எந்த வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், நான் எங்கும் போய்விட மாட்டேன். முதலில் யாராவது அதை எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

எழுதியதை ஆய்வாளர் படித்துக் காட்டினார். கடைசிப் பத்தியை மட்டும் நான் கையில் வாங்கி இரண்டு முறை படித்தேன். சொன்னது சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்)

என் முன்னிலையில் பதிவானது. நோட்டுடன் காவலர் ஒருவர் 4.16-க்கு மோட்டார் சைக்கிளில் நீதிமன்றத்துக்குப் புறப்பட்டார்.

(ஒப்பம்) ஆய்வாளர்